பூப் போட்டுக் கேட்ட நாடு

ஏன் போனாய் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். அங்கே வாடகை கம்மி, வரி கம்மி. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் லேசாகச் சுருங்கும். ஏதாவது பெரிய காரணமாக எதிர்பார்த்திருப்பார்கள் போல. மேல்படிப்பு, காதல், கொள்கை என்று ஏதாவது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை, கருங்கடல் ஓரத்தில் இருக்கும் ஒரு குட்டி நாட்டில் கிடைத்தது, அதுவும் சல்லிசாக. இதுக்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் கட்டி, ஆறு வருஷம் அடி வாங்கி, கோர்ட்டுப் படியேறி முறித்துக்கொண்டு வந்தவள். பிள்ளை இல்லை. சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் பதினைந்து வருஷம் இருந்தேன். அமெரிக்காவில் ஒருத்தருக்குக் கால் முறிந்தால் அந்த முறிவுக்கு ஒரு எண், கட்டுப் போட்டதற்கு ஒரு எண் என்று இன்சூரன்ஸ்காரர்களுக்குக் குறித்துக் கொடுக்கும் வேலை. அப்புறம் கம்பெனியை விட்டுவிட்டு வெளிநாட்டு ஆட்களிடம் நேராகவே வேலை வாங்கிச் செய்ய ஆரம்பித்தேன். லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். சரி, அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்போமே என்று கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். புத்தி கெட்டுப்போய் வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்கு மாதம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீடு தேடினேன். டவுனில் நான் ஏறாத மாடி இல்லை. முதலில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். ‘வாங்கம்மா, உக்காருங்க’ என்று ஃபேன் போடுவார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு வரும் அந்தக் கேள்வி.

“சொந்த ஊரு எதும்மா?”

“சங்கராபுரம் பக்கங்க.”

“சங்கராபுரம் பக்கம்னா?”

ஊர்ப் பெயரைச் சொல்வேன்.

“ஓகோ. ஊர்லியா, காலனியிலியா?”

காலனி என்பேன். அவ்வளவுதான். மாடியில் பைப்பு ரிப்பேர் ஆகிவிடும். தம்பி மகன் குடும்பத்தோடு வந்து இறங்கப்போகிறான் என்று ஞாபகம் வந்துவிடும். ஒரு அம்மா, “நீங்க கறி மீனெல்லாம் ஆக்குவீங்க, எங்களுக்கு ஒத்து வராதும்மா” என்றாள். அவள் வீட்டு அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, வாசனை தெருவரைக்கும் வந்தது. “வாசனை நல்லா இருக்குதுங்க, கொஞ்சம் உப்புத்தான் கம்மியோ?” என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். ‘ஊர்னு சொல்லித் தொலையேன், யாரு வந்து பாக்கப்போறா?’ என்று ஹாஸ்டலில் ஒருத்தி புத்தி சொன்னாள். எனக்கு அது வராது. வரவே வராது.

அந்த நாட்டைப் பற்றி முதலில் சொன்னது ஹாஸ்டல் தெரு முனை ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் மகள் டாக்டருக்குப் படிக்க அங்கே போயிருந்தாள். ஜார்ஜியா என்று பெயர். அப்புறம் சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, அவளும் தனி ஆள், இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்தது. என்னைப்போல லேப்டாப்பில் தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு அங்கே வரி ரொம்பக் கம்மி, சென்னையில் கொடுத்த வாடகையில் கடல் தெரிகிற மாதிரி வீடு எடுக்கலாம் என்றாள். வீடியோவில் அவள் வீட்டுக்காரக் கிழவியையே கூப்பிட்டு என்னோடு பேச வைத்தாள். கிழவி அரைகுறை இங்கிலீஷில் என்னிடம் கேட்டது இரண்டே இரண்டு கேள்வி. சிகரெட் பிடிப்பாயா? பூனை பிடிக்குமா? மாடியில் ஒரு வீடு காலியாம், உனக்கென்றால் வைத்திருக்கிறேன் என்றாள். போனை வைத்ததும் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். மூவாயிரம் மைல் தாண்டி யாரென்றே தெரியாத ஒருத்தி கேட்காத கேள்வியை, மூன்று மைல் தள்ளி இருக்கிறவன் கேட்கிறானே என்று.

எனக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிற ஆபீசில் ஒருத்தர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“வரி கம்மின்னு ஓடறீங்களாம்மா? கவர்மெண்டு உங்களுக்கெல்லாம் எவ்ளோ செஞ்சிருக்குது!”

அந்த ‘உங்களுக்கெல்லாம்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“செஞ்சுது சார். படிக்கறப்ப ஹாஸ்டல்ல சோறு போட்டுச்சு, ஸ்காலர்ஷிப்பு குடுத்துச்சு, இல்லேன்னு சொல்லல. பதினஞ்சு வருஷமா சம்பளத்துலயே புடிச்சிக்கினாங்க, நானும் குடுத்திருக்கன். இப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்க தெருவுல ஒரு வூடு டு-லெட் போர்டு தொங்குது. பேசி எனக்கு வாங்கிக் குடுங்க. நான் எங்கியும் போவல.”

அவர் கம்ப்யூட்டரில் ஏதோ தேட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேடினார்.

உண்மையைச் சொன்னால், அவர் கேட்டது என்னை உறுத்தாமல் இல்லை. என் வயிற்றில் விழுந்த ஹாஸ்டல் சோறு யாரோ கட்டிய வரிதான். அடுத்த பிள்ளைக்கு நான் கட்ட வேண்டியதைக் கட்டாமல் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. ஆனால் வெட்கப்படு என்றால் பட மாட்டேன். வெட்கப்பட வேண்டியவர்கள் டவுனில் ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாம் சரி. அம்மா?

அம்மாவை விட்டுவிட்டுப் போவதென்றால் நான் கள்ளக்குறிச்சிக்கு வந்ததே வீண். அம்மா என் அண்ணன் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்பதா, உழைத்தாள் என்பதா? இரண்டு கறவை மாடு, ஏழு ஆடு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் சாப்பாடு, எல்லாம் அவள் தலையில். அது போக நடவுக்கும் களையெடுப்புக்கும் கூப்பிட்டால் கூலிக்கும் போவாள். வீட்டுக்குப் பின்னால் இறக்கிய ஷீட்டுச் சாய்ப்பில் தவிட்டு மூட்டைக்கும் புண்ணாக்கு மூட்டைக்கும் நடுவில் படுக்கை. அண்ணன் கெட்டவன் இல்லை. அம்மா அப்படி இருப்பது அவன் கண்ணில் பட்டதே இல்லை, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவளோடு நானும் போனேன்.

“அம்மா, என்னோட வந்துடும்மா.”

“எங்கடி, மெட்ராசுக்கா?”

“இல்லம்மா. ஏரோப்ளேன்ல போவணும். நம்ம கல்ராயன் மாதிரியே மலை இருக்குதும்மா அங்க. ஜன்னலைத் தொறந்தா தெரியும்.”

அம்மா அரிவாளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “மலை இன்னாத்துக்குடி எனக்கு? கல்ராயன் மலைக்கு மரவள்ளி புடுங்கப் போயி இடுப்பு வுட்டுப்போனது பத்தாதா?”

“வேலை செய்யறதுக்கு இல்லம்மா. சும்மா பாக்கறதுக்கு.”

“பாத்துக்கினு இன்னா பண்றது?”

அவள் தழையைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு, “உங்கண்ணனைக் கேளு” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வரேன் என்றும் இல்லை, வரலை என்றும் இல்லை. எப்போதும் இப்படித்தான். வாழ்நாள் முழுக்க எதைக் கேட்டாலும் ‘அவரைக் கேளு, இவனைக் கேளு’தான்.

ஆனாலும் பாஸ்போர்ட் எடுக்கக் கூப்பிட்டபோது மறுபேச்சு இல்லாமல் வந்தாள். எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அந்த ஆபீசில் மிஷின் அவள் கைரேகையை எடுக்கவே இல்லை. நாற்று நட்டும் களை பறித்தும் விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. அங்கிருந்த பொண்ணு பத்து விரலையும் திரும்பத் திரும்பத் துடைத்து அழுத்திப் பார்த்தாள். அம்மா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். ஒருவழியாக எடுத்தார்கள். விசாவும் இரண்டு பேருக்கும் சேர்த்தே போட்டேன், வந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனிடம் வாயைத் திறந்தேன்.

எகிறிவிட்டான்.

“நீ எங்கியாவது போ. உன்னை யாரு கேட்டது? பெத்த புள்ள நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறன், அம்மாவைப் பொண்ணு கூப்டுக்கினு போனா ஊர்ல எம்மூஞ்சில காறித் துப்ப மாட்டானுங்க?”

“ஊரு துப்பறது இருக்கட்டும்ணா. அம்மா எங்க படுத்திருக்குது, போய்ப் பாரு.”

“ஏன், இன்னா கொறை அதுக்கு? சோறு இல்லியா, துணி இல்லியா?”

“அங்க பனி கொட்டுமாமே,” என்று அண்ணி நடுவில் வந்தாள். “குளிர்ல வெறச்சிப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பொணத்தைக் கூட பாக்க முடியாதும்மா.”

இரண்டு வாரம் இதே பேச்சுத்தான். நான் போகும்போதெல்லாம் சண்டை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் சண்டை உச்சத்தில் இருந்தபோது அவளே வந்து, “எதுக்குக் கத்திக்கிறீங்க? அம்மன்கிட்ட பூப் போட்டுப் பாத்துடலாம். அவ சொல்றதைக் கேக்கலாம்” என்றாள்.

அண்ணன் உடனே ஒத்துக்கொண்டான். எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தையும் கொண்டுபோய்ச் சாமி தலையில் போட்டுவிட்டாளே! “உனக்குன்னு வாயே கெடையாதாம்மா?” என்று கத்தினேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் குலதெய்வம் மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருக்கிறது. நாலு சுவரும் ஒரு கூரையும்தான். பூசை செய்கிற பெரியப்பா மற்ற நாட்களில் சங்கராபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அப்பாவுக்கு மூத்த பங்காளி. அப்பா செத்து வருஷம் பல ஆகியும், அம்மா அவர் எதிரில் நின்று நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. அவர் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள்.

பூப் போடுவதில் எங்கள் வகையறாவுக்கென்று ஒரு முறை உண்டு. வீட்டில் மூத்த பொம்பளைதான் பொட்டலம் கட்ட வேண்டும். தாலி இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை. ஓடையில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய், ஒரு பூவரச இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி வைத்து, வாழை நாரால் ஒரே மாதிரி கட்டிக்கொண்டு வர வேண்டும். வேறு யாரும் பார்க்கக் கூடாது. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. மற்றதைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிடுவார்கள். கல்யாணம், போர்வெல் போடுவது, கேரளாவுக்கு வேலைக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் இப்படித்தான். மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மனிடம் யார் பொய் கட்டப்போகிறார்கள்?

அன்றைக்கு நான் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிவப்பு வந்தாலும் நான் போவேன், அது முடிந்துபோன விஷயம். வெள்ளை வந்தால் அம்மா வருவாள். பாதிக்குப் பாதி. பெற்றவளைக் கூட்டிப்போக ஒரு இலைப் பொட்டலத்தை நம்பி நிற்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஈரப்புடவை சொட்டச் சொட்ட வந்து, பொட்டலங்களைத் தட்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெரியப்பா குலுக்கினார். எடுத்தார். நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. பெரியப்பா திருநீறு எடுத்து, “உத்தரவு ஆயிடுச்சு, இனிமே பேச்சு இல்ல” என்று அம்மா பக்கம் திரும்பினார். அவர் திரும்பிய நேரம் பார்த்து அண்ணன் பாய்ந்து மற்றப் பொட்டலத்தைத் தட்டிலிருந்து எடுத்து நாரைப் பிய்த்தான்.

“டேய், டேய், அதைப் பிரிக்கக் கூடாதுடா!”

பிரித்துவிட்டான். அதிலும் வெள்ளை அரளி.

“அய்யய்யோ!” என்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் நேராக என்னிடம் வந்தான். “நீதான? நீதான சொல்லிக் குடுத்த? படிச்ச திமிரு, சாமிகிட்டயே வந்து ஃபிராடு பண்றியா?” அடிக்கக் கை ஓங்கிவிட்டான். சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. நான் வாய் பிளந்து அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவளை ஏண்டா கேக்கற? கட்டுனது நானு.”

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அண்ணனை விலக்கிவிட்டுப் பெரியப்பாவின் நேர் எதிரில் நின்றாள்.

“ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சன். சேப்பு பூ நான் பறிக்கவே இல்ல மாமா.”

பெரியப்பா தட்டைப் பிடித்தபடி தடுமாறினார். “அம்மன்கிட்டயே பொய்யி கட்டிட்டியேமா!”

“இன்னா பொய்யி? எனக்குப் போவணும். அதை உங்ககிட்ட சொன்னா எவன் கேப்பான்? அதான் அவகிட்ட வந்து சொன்னன். கேக்கறதுக்கு நான் வரல, சொல்லத்தான் வந்தன். கோவம் வந்தா என் மேல வரட்டும்.”

“தப்பும்மா. மறுபடியும் முழுகிட்டு வந்து ஒழுங்கா கட்டு.”

“கட்ட மாட்டன். பதினஞ்சு வயசுல என்னை இழுத்தாந்து கட்டி வெச்சாங்களே, எனக்கு எவன் பூப் போட்டுக் கேட்டான்? இதோ நிக்கறாளே என் பொண்ணு, அந்தக் குடிகாரனுக்கு இவளைக் குடுக்கறப்ப இதே எடத்துலதான பூப் போட்டீங்க? வெள்ளதான வந்துச்சு? அன்னிக்கு எவனாவது ரெண்டாவது பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தீங்களா? இன்னிக்கு நான் போறன்னு சொன்னா மட்டும் பிரிக்கறீங்க!”

அண்ணன் கையிலிருந்த இலை கீழே விழுந்தது. பிறகு அவன், “போனா போ. திரும்பி என் வாசப்படி மிதிக்காத” என்றான்.

“நீ பாலு கறக்கக் கத்துக்கோ” என்றாள் அம்மா. அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். ஈரப்புடவையோடே மெயின் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எட்டிப் பிடிக்கவே முடியவில்லை, அவ்வளவு வேகம்.

மினி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

“ஏரோப்ளேனுக்கு டிக்கட்டு எடுத்துட்டியா?”

“எடுத்துட்டன்மா.”

“எத்தினி?”

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். கள்ளக்குறிச்சி மாடிப் படிகளில் ஒரு இடத்தில் கூடப் பொய் சொல்லாதவள் என்று இவ்வளவு நேரம் பெருமை அடித்துக்கொண்டேன், ஆனால் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விசா இரண்டு வாங்கினேன். பாஸ்போர்ட்டுக்கு அலைந்தேன். அண்ணனோடு மல்லுக்கு நின்றேன். டிக்கட் மட்டும் அதற்கு முந்தின மாதமே, யாருக்கும் சொல்லாமல், ஒன்றே ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அவள் வர மாட்டாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவளைக் கேட்காமல் முடிவு கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

“ஒண்ணும்மா” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு பொட்டலத்துல சேப்பு வெச்சிருந்து, அது வந்திருந்தா, நீ என்னை வுட்டுட்டுப் போயிருப்ப. இல்ல?”

“போயிருப்பன்மா.”

“தெரியும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “இன்னொண்ணு எடு. இப்பவே எடு, நான் பாக்கணும்.”

போனை எடுத்தேன். மலையடிவாரத்தில் டவர் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.